ஏழாம் மாதத்தில் எச்.பி. 8.6: இரும்பு ட்ரிப் ஏற்றலாமா, கணவர் வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். எனக்கு 24 வயது, முதல் பிரசவம், இப்போது 28 வாரம். நாலாம் மாதத்தில் 10.4 இருந்த எச்.பி. (ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) போன வாரம் 8.6 என்று வந்திருக்கிறது. சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. அதனால் பாதி நாள் போடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ட்ரிப்பில் இரும்பு ஏற்ற வேண்டும் என்கிறார்கள். "மாத்திரையும் ஊசியும் பிள்ளையைக் கறுப்பாக்கும், பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் தின்னு, போதும்" என்கிறார் மாமி. வீட்டுக்காரர் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருக்கிறார், கரைக்கு வர ஒரு மாதம் ஆகும். அவர் வந்தபிறகு ஏற்றிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. இந்த வாரமே ஏற்றிக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், மாமியிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் நாள் கணக்கு. உங்களுக்கு இன்னும் 12 வாரம் இருக்கிறது. ட்ரிப்பில் இரும்பு ஏறிய மறுநாளே ரத்தம் ஊறிவிடாது. எலும்பு மஜ்ஜை அந்த இரும்பை எடுத்துப் புதிய சிவப்பணுக்களைச் செய்து, எச்.பி. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏற மூன்று நாலு வாரமாவது வேண்டும். வீட்டுக்காரர் வந்து, நல்ல நாள் பார்த்து ஏற்றினால் பலன் தெரியும்போது 36 வாரம் தாண்டியிருக்கும். குழந்தை அதற்கு முன்பே வந்துவிட்டால்? ரத்தசோகை உள்ளவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாக வருகிற விஷயம்தான்.

கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகமாகும், சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடாது. ஆகவே எச்.பி. கொஞ்சம் இறங்குவது எல்லோருக்கும் உண்டு. அதையும் கணக்கில் எடுத்துத்தான் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று வைத்திருக்கிறார்கள். 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. உங்களுடையது நடுத்தரம். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பிரசவத்தை நினைத்துப் பாருங்கள். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். 11 இருப்பவள் அதைத் தாங்கிவிடுவாள். 8.6 இருப்பவளுக்கு அதே அரை லிட்டர் மயக்கத்தில் கொண்டு விடும். கொஞ்சம் கூடுதலாகப் போனால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது மாமியின் பேரீச்சம்பழம். தின்னுங்கள், தப்பில்லை. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் அது இருக்கிறது. ஆனால் 100 கிராம் பழத்தில் இரும்பு சுமார் 1 மில்லிகிராம்தான், பீட்ரூட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, மாதுளையில் இன்னும் குறைவு. செடிகொடியிலிருந்து வரும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிசு. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகும் என்றால் குங்குமத்தையும் தின்னலாமே! உங்களுக்கு எவ்வளவு குறைகிறது தெரியுமா? கர்ப்பத்துக்கு முந்தைய எடை 54 கிலோ என்று வைத்துக்கொண்டால், மருத்துவர்கள் போடும் கணக்குப்படி 800 மில்லிகிராமுக்கு மேல். இதைப் பழத்தால் நிரப்ப ஒரு கர்ப்பம் போதாது.

உண்மையில் உங்கள் ஊர்ச் சாப்பாடு பேரீச்சம்பழத்தைவிட மேல். நெத்திலியும் சாளையும் நல்ல இரும்பு. மீனில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி செடியிலிருந்து வருவதைவிட எளிதாக உடம்பில் சேரும், கூடவே தின்னும் கீரையின் இரும்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மரச்சீனிக் கிழங்கில் இரும்பு அதிகம் இல்லை, அதனால் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள், முருங்கைக்கீரைத் துவரன் வையுங்கள், கடைசியில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடியுங்கள். பச்சை மீன் போதும், கருவாட்டின் உப்பு இப்போது வேண்டாம். பெரிய சுறாவும் வேண்டாம், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும். சுறாவுக்குப் பேர்போன உங்கள் ஊரில் இதைச் சொல்வது எனக்கே சங்கடம்தான். பிரசவத்துக்குப் பிறகு பால் ஊறச் சுறாப்புட்டு செய்து தரும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

பிள்ளை கறுப்பாகும் என்பது பொய். தோலின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. மாத்திரையால் கறுப்பது மலம் மட்டும், அதுவும் உடம்பில் சேராத மீதி இரும்பு வெளியே போவதுதான்.

மாத்திரை உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. பரிசோதனைக்கு வரும் பெண்களிடம் "எப்படிப் போடுகிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்பேன். ஒரு பெண் பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். இரும்பு, கால்சியம், இன்னும் இரண்டு, எல்லாவற்றையும் ஒரே உள்ளங்கையில் கொட்டினாள். "காலையில சாயாகூட விழுங்கிருவேன் டாக்டர், ஒரே வேலையா முடிஞ்சிரும்." முடிந்துதான் போகிறது! கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் கால்சியம் இரும்பை விடாது, சாயா மீதியைக் கெடுத்துவிடும். இரண்டு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். கால்சியத்தைச் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போடுங்கள். தூக்கத்தில் குமட்டல் பாதி தெரியாது. சாயா குடிக்காமல் இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், அது போதும்.

இப்போது ட்ரிப். உங்கள் சுகாதார நிலையத்தில் ஏற்றப்போவது பெரும்பாலும் அயர்ன் சுக்ரோஸ். ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், உப்புநீரில் கலந்து அரை மணி நேரம் வரை ஏற்றுவார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து தடவை போகவேண்டி வரும். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இன்னொன்று கிடைக்குமானால் ஒரே உட்காரலில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றிவிடலாம். முதல் மூன்று மாதத்தில் இவற்றைப் போடுவதில்லை, நீங்கள் அதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. பழைய காலத்து மருந்துகளில் ஒவ்வாமை கூடுதல், இடுப்பில் போட்ட ஊசி கறுப்புத் தழும்பு விட்டுப் போகும். ஊரில் உலவும் பயமெல்லாம் அந்தக் காலத்துப் பயம். இப்போதைய மருந்தில் கடுமையான ஒவ்வாமை அரிது, ஆனாலும் முடிந்தபிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போங்கள். ஆஸ்துமாவோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ "போகட்டும், முடியப்போகுதே" என்று பல்லைக் கடிக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் கறை நாளாகியும் போகாது. ட்ரிப் நடக்கும் நாட்களில் இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், ஃபோலிக் அமிலத்தை நிறுத்த வேண்டுமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்தபிறகு தினம் ஒரு இரும்பு மாத்திரை வீதம் 180 நாள் போடவேண்டும். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பூச்சி மாத்திரை போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஏற்றி ஒரு மாதத்தில் எச்.பி. 1 கூட ஏறவில்லை என்றால் பி12 வைட்டமின் குறைவா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நடக்கும்போது மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், ரத்தம் போனால் எந்த நாளுக்கும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். பிரசவத்தை ரத்த வங்கி உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் திருவனந்தபுரம் போவதும் உண்டு. எங்கே போனாலும் பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) தாய் சேய் நலப் புத்தகமும் பையில் இருக்கட்டும், எல்லை தாண்டினால் அங்கிருப்பவர்களுக்கு உங்கள் கதை தெரியாது.

இன்னொன்று. உங்கள் ரத்த வகையை எழுதி, அதே வகை உள்ள நாலு பேரை இப்போதே பார்த்து வையுங்கள். ஊர் ஆண்கள் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், அதனால் பிரசவ மாதத்தில் கரையில் இருக்கப்போகிறவர்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் பேச வழி கிடைத்தால் ட்ரிப்புக்காகக் காத்திருப்பதாகச் சொல்லாதீர்கள். பிரசவத்தன்று கரையில் இருக்கும்படி அடுத்த தங்கலைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.