ட்ராஃப்டில் தேர்வான ரஷ்ய ஐஸ் ஹாக்கி வீரர்கள் ஏன் உடனே அமெரிக்கா போவதில்லை?

முக்கியக் காரணம் ஒப்பந்தம்தான். ட்ராஃப்ட் என்பது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை. அதில் தேர்வானால், அந்த வீரரை ஒப்பந்தம் செய்யும் உரிமை அந்த லீகின் ஒரே ஓர் அணிக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ரஷ்யாவோடு அந்த லீகுக்கு வீரர் மாற்ற உடன்பாடு கிடையாது. அதனால் ரஷ்ய கிளப்போடு போட்ட ஒப்பந்தம் முடிய வேண்டும், இல்லையென்றால் கிளப்பே விடுவிக்க வேண்டும்.

கிரில் கப்ரிசோவைப் பாருங்கள். மினசோட்டா வைல்ட் என்ற என்.எச்.எல். அணி அவரை 2015 ட்ராஃப்டில் 135ஆவது ஆளாக எடுத்தது. ஒப்பந்தம் போட்டதோ 2020இல்! அந்த ஐந்து வருடம் வீண் என்று நான் நினைக்கவில்லை. ரஷ்யாவிலேயே உஃபாவிலும் மாஸ்கோவிலும் அனுபவசாலிகளோடு மோதி முதிர்ந்தார்; 2018 ஒலிம்பிக் இறுதியில் கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்தார். அப்புறம் என்.எச்.எல்.லில் முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை.

இன்னொரு ரஷ்ய வீரர் மாத்வே மிச்கோவுக்கு ரஷ்ய கிளப்போடு 2026 வரை ஒப்பந்தம் இருந்தது. கிளப் விடுவித்ததால் 2024லேயே என்.எச்.எல்.லின் பிலடெல்பியா அணிக்கு வந்துவிட்டார்.