பதினைந்து இடத்துக்கு எத்தனை வழி?

கேள்வி: தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறேன். தினமும் காலையில் குட்டியானையில் 15 இடங்களுக்குக் கேன் இறக்க வேண்டும். டீசல் கட்டுப்படியாகவில்லை. கல்லூரியில் படிக்கும் மகன், ‘எல்லா வழியையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் எது குறைந்த தூரமென்று தெரிந்துவிடும்மா, நீதான் திட்டமில்லாமல் ஓட்டுகிறாய்’ என்கிறான். ஒரு மாதமாக நோட்டில் எழுதிப் பார்க்கிறேன், முடியவில்லை. எனக்குப் படிப்பு போதாதோ? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: படிப்பை ஏன் இழுக்கிறீர்கள், சகோதரி? ஆயுள் முழுக்க எழுதினாலும் அந்த நோட்டு முடியாது. முதலில் எங்கே போவது என்பதற்கு 15 வாய்ப்பு, அடுத்ததற்கு 14, பிறகு 13... பெருக்கிக்கொண்டே போனால் 1,30,767 கோடி வரிசைகள்! அதே வழியைத் தலைகீழாகச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான் என்று பாதியைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தை விநாடிக்கு ஒன்றாகப் பார்த்து முடிக்கவே 20,000 ஆண்டுக்கு மேல் ஆகும். ஐந்தே இடம் என்றால் மொத்த வரிசைகள் வெறும் 120. இடங்கள் கூடியது மூன்று மடங்கு. சிக்கல் கூடியது ஆயிரம் கோடி மடங்குக்கு மேல்.

மகனிடம் இதைக் காட்டுங்கள். ஹெல்ட், கார்ப் என்ற இருவர் 1962-ல் வெளியிட்ட முறையில், ஒருமுறை போட்ட கணக்கைத் திரும்பப் போடாமல் சேமித்து வைத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் 15 இடத்துக்குக் கம்ப்யூட்டர் நொடியில் விடை சொல்லிவிடும். ஆனால் ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் அந்த வேலையும் இரட்டிப்பாகும். எத்தனை இடமானாலும் மிகக் குறைந்த தூரத்தைச் சீக்கிரமாகவும் நிச்சயமாகவும் சொல்லும் வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதனால் ‘ஆகச் சிறந்த வழி’யை விட்டுவிட்டு, நேற்றையதைவிட நல்ல வழியைத் தேடுங்கள். ஊர் வரைபடத்தில் 15 புள்ளி வைத்து, இப்போது போகிற வழியைக் கோடாக இழுங்கள். கோடு தன்னையே எங்காவது குறுக்கே வெட்டுகிறதா? அங்கேதான் டீசல் வீணாகிறது. வெட்டாதபடி வரிசையை மாற்றுங்கள். ஒருவழிப் பாதை குறுக்கிட்டால் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். எப்போதும் பக்கத்தில் இருப்பதற்கே அடுத்துப் போவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஊர்க்கோடியில் ஒரு வீடு கடைசியில் மிஞ்சும். அங்கிருந்து காலி கேன்களோடு நெடுந்தூரம் திரும்ப வேண்டியிருக்கும்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, ஒன்பது மணிக்குள் கேன் கேட்கிற பள்ளிக்கூடம், பத்து மணிக்கு முன் திறக்காத கடை இதெல்லாம் உங்கள் மகனின் கணக்கில் இருக்கிறதா? இல்லையென்றுதான் நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நாலு கேன் அவனும் சுமக்கட்டும். திரும்பி வந்ததும் இருவருமாக உட்கார்ந்து அந்த வரைபடத்தைப் போடுங்கள்.