பெத்தி-ப்ரெத்தோன் ஜெயித்தது அதிர்ஷ்டத்தாலா?

வணக்கம். பிரான்சைச் சுற்றிப் பல கட்டங்களாக, ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி ஓட்டமாக, நடக்கும் சைக்கிள் போட்டியான டூர் தெ பிரான்ஸின் பழைய முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1907-ல் எமில் ஜார்ஜே மற்ற எல்லோரையும்விட அதிகக் கட்டங்களை ஜெயித்திருக்கிறார், ஆனால் பட்டம் இரண்டே கட்டங்களை ஜெயித்த லூசியன் பெத்தி-ப்ரெத்தோனுக்கு. இது அதிர்ஷ்டம்தானே? அவர் பெயரே பொய்ப் பெயர் என்றும் படித்தேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவருடைய இயற்பெயர் லூசியன் மசான். பிரான்சில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு பியூனஸ் அயர்ஸ் போனவர். லாட்டரியில் ஒரு சைக்கிள் விழுந்தது, பையன் அதோடு ஒட்டிக்கொண்டான். அப்பாவுக்கோ மகன் உருப்படியாக ஒரு வேலை பார்க்க வேண்டும். அவர் கண்ணில் படாமல் இருக்கத்தான் 'லூசியன் ப்ரெத்தோன்' என்று பெயர் கொடுத்து ஓட்டினார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு வீரர் இருந்ததால் முன்னால் ஒரு 'பெத்தி', அதாவது 'சின்ன', சேர்ந்துகொண்டது. இதில் மோசடி எதுவும் இல்லை, வீட்டுக்குப் பயந்த பிள்ளை, அவ்வளவுதான்.

அப்புறம் 1907. 1904 டூரில் நடந்த தில்லுமுல்லுகளுக்காக முதல் நான்கு இடங்களையும் ரத்து செய்ய வேண்டி வந்ததால், மறு ஆண்டிலிருந்து நேரக் கணக்கை விட்டுவிட்டுப் புள்ளிக் கணக்குக்கு மாறியிருந்தார்கள். முதலில் வந்தால் 1, இரண்டாவது வந்தால் 2 என்று போகும், குறைந்த புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். ஜார்ஜே நன்றாக முன்னிலையில் இருந்தவர்தான், ஆனால் துலூஸ்-பயோன் கட்டத்தில் விதியை மீறி வேறு சைக்கிளுக்கு மாறி, தண்டனைப் புள்ளி வாங்கிச் சரிந்தார். அந்த அளவுக்கு அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1908-ஐயும் பாருங்கள். 14 கட்டங்களுக்கும் சேர்த்து பெத்தி-ப்ரெத்தோன் எடுத்தது 36 புள்ளி, ஐந்து கட்ட வெற்றிகள் வேறு. சராசரியாக ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குள் வந்திருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். வழியில் வண்டி பழுதானால் வீரரே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிய காலம் அது, அந்தக் கைவேலையில் அவர் கெட்டிக்காரர். டூரை இரண்டு முறை வென்ற முதல் ஆளும் அவர்தான் (1903-ல் ஜெயித்த மொரிஸ் காரானின் இரண்டாவது வெற்றிதான் 1904-ல் பறிபோனதே).

எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்தது 1905 ஆகஸ்ட்டில் பாரிஸின் பஃபலோ வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் ஓடுதளத்தில், ஒரு மணி நேரத்தில் 41.110 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தது. அதே பஃபலோவில் 1893-ல் 35.325 ஓட்டி முதல் சாதனையை வைத்தவர் யார் தெரியுமா, பின்னாளில் டூரையே தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச். ஓடுதளத்தில் ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பழகிய கால், புள்ளிக் கணக்குப் போட்டிக்கென்றே வாய்த்த கால் என்று நினைக்கிறேன். 1907-ல் இத்தாலியின் ஒருநாள் போட்டியான மிலான்-சான்ரெமோ முதன்முதலாக நடந்தபோது அதை ஜெயித்ததும் அதே கால்தான்.

அதிர்ஷ்டம் என்றீர்களே, 1908-க்குப் பிறகு அவர் பலமுறை டூரில் இறங்கினார், ஒருமுறைகூடக் கடைசிவரை ஓட்டி முடிக்கவில்லை. போரில் ராணுவ வாகனம் ஓட்டினார். 1917 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது 35.