வாசகர் கேள்விகள்: மலையாற்றங்கரையில் குடியேறும் முன்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு, மலைப் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் குடியேற நானும் என் மனைவியும் எண்ணியிருக்கிறோம். அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை இதமாக இருப்பதாகப் புள்ளிவிவரம் சொல்கிறது. அதை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: சராசரி பொய் சொல்வதில்லை, ஆனால் நீங்கள் வாங்கப்போகும் வீட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதுமில்லை. உயரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று, நீரைப் போலவே தாழ்வான இடம் தேடி வழிந்திறங்கி ஆற்றங்கரையில் தேங்கி நிற்கும். விடியற்காலையில் ஆற்றோரப் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்க, சற்று மேலேயுள்ள சரிவில் புல் பச்சையாகவே நிற்பதைப் பார்க்கலாம். வெண்மை முடிந்து பச்சை தொடங்கும் அந்தக் கோடு எந்தப் புள்ளிவிவரத்தையும் விட நம்பகமானது. வீடு அதற்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். விறகடுப்புப் புகையும் அந்தக் குளிர்காற்றுக்குள்ளேயே அடைபடும். புகைபோக்கியிலிருந்து நேராக எழும் புகை, ஓர் உயரத்தில் மூடியில் முட்டியதுபோலப் பக்கவாட்டில் படர்ந்தால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த இடம் ஆகாது.

அடுத்தது வெயில். பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக ஓடினால், வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவில்தான் குளிர்கால வெயில் விழும். எதிர்ச்சரிவு மாதக்கணக்கில் நிழலில் கிடக்கும். நார்வேயில் ரியூக்கான் என்ற ஆற்றோர ஊருக்குச் செப்டம்பர் இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வெயிலே எட்டாது. ஊர் மக்கள் மேலே போய்ச் சற்று வெயில் காய்ந்துவரட்டும் என்று 1928-இல் அங்கே கம்பிவட ஊர்தி அமைத்தார்கள். 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுவி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள். இத்தாலியில் விகனெல்லா என்னும் சிற்றூர் 2006-லேயே இதைச் செய்துவிட்டது. எல்லா ஊரும் கண்ணாடி வைக்க முடியாது என்பதால், டிசம்பர் மாதத்தில் ஒருமுறை நேரில் போய், வெயில் எத்தனை மணிக்கு வாசலைத் தொட்டு எத்தனை மணிக்கு விலகுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். விற்பவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் கோடை நண்பகலில் எடுத்தவையாகவே இருக்கும்.

கேள்வி: நான் கயாக் என்னும் சிறு துடுப்புப்படகை ஓட்டப் பழகுபவன். பனி உருகும் ஆறுகளில் காலையில் முழங்காலளவு இருந்த நீர் மாலையில் இடுப்பளவு ஆகிவிடுகிறதே, மழையே இல்லாமல் இது எப்படி?

பதில்: நண்பகல் வெயிலில் மேலே உருகிய பனிநீர், உங்கள் இடத்தை வந்தடையச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. தொலைவைப் பொறுத்து, உச்ச நீர்வரத்து பிற்பகலிலும் வரலாம், நள்ளிரவிலும் வரலாம். காலையில் கடந்த துறையை மாலையில் கடக்க முடியாமல் அக்கரையில் நிற்க நேர்வது இதனால்தான். பகல் ஏறியதும் பள்ளத்தாக்கின் காற்று மேல்நோக்கி வீசத் தொடங்குவதால், ஆற்றோடு கீழிறங்கும் கயாக்குக்கு அது எதிர்க்காற்றாகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காலையிலேயே தொடங்கி நண்பகலுக்குள் கரையேறுவது நல்லது.

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை வகைப்படுத்துவார்கள். ஆனால் அந்த எண் நீரின் குளிரைச் சொல்லாது. உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அப்போது தலை நீருக்கு மேலே இருப்பதுதான் உயிர். அடுத்த பத்து நிமிடங்களுக்குள் கை கால்கள் சொன்னபடி கேட்பது நின்றுபோகும். உடல் குளிர்ந்து நினைவு தவற ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். நீந்தத் தெரிந்தவரையும் முதல் பத்து நிமிடங்களே பலிகொள்வதால், லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பதில் பயனில்லை; அணிந்திருக்க வேண்டும். ஆற்றின் குறுக்கே ஓராள் உயரம்கூட இல்லாத தடுப்பணையை அலட்சியப்படுத்தாதீர்கள். அதன் அடியில் திரும்பிச் சுழலும் நீர், விழுந்தவரை விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே படகைத் தூக்கிக்கொண்டு கரைவழியே நடப்பதில் வெட்கமில்லை.

கேள்வி: மலையில் குளிராகத்தானே இருக்கிறது, வெயிலுக்குக் களிம்பு எதற்கு?

பதில்: ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது, புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. குளிர் அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவே.

கேள்வி: நாங்கள் பார்த்த வீடு 'நூறாண்டு வெள்ள' எல்லைக்குள் வருகிறதாம். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே, வாங்கலாமா?

பதில்: அந்தப் பெயரே தவறான நம்பிக்கையைத் தருகிறது. எந்த ஓர் ஆண்டிலும் அப்படியொரு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுகள் அங்கே குடியிருந்தால், ஒருமுறையாவது அதைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. கிளையோடை வந்து சேருமிடத்தில் விசிறிபோல விரிந்த மேடும் பாதுகாப்பானதன்று. அந்த மேட்டை உருவாக்கியதே ஓடை தடம் மாறி மாறிக் கொட்டிய மண்தான்.

அமெரிக்காவின் கொலராடோவில், பிக் தாம்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் 1976 ஜூலை 31 அன்று மாலை சில மணி நேரத்தில் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளத்தை முந்திவிடலாம் என்று காரில் பள்ளத்தாக்கு வழியே விரைந்தவர்களும் அவர்களுள் உண்டு. அதன் பிறகு அம்மாநிலத்தின் மலைச்சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்ற அறிவிப்புப் பலகைகளை நட்டார்கள். நீங்கள் வாங்கும் வீட்டின் பின்வாசலிலிருந்து, காரில்லாமல், இருட்டில், முழங்கால் வலியோடு மேலே ஏற ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்தைத் தவிர வேறு குறையில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: கூட்டம் பருவத்தோடு போய்விடும், அது விட்டுச்செல்வதே பெரிய குறை. வீடுகளெல்லாம் விடுமுறை வாடகைக்குப் போனால், செவிலியருக்கும் ஆசிரியருக்கும் ஊரில் தங்க இடம் கிடைக்காது. பருவம் முடிந்த ஒரு சாதாரண வாரநாளில் இரவு எட்டு மணிக்குத் தெருவில் நடந்து, எத்தனை வீடுகளில் விளக்கெரிகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

கேள்வி: இரவில் ஆற்றின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்குமா?

பதில்: சில நாட்களில் பழகிவிடும், பிறகு காதே அதைக் கேட்காது. கேட்க வேண்டியது ஓசையின் மாற்றத்தைத்தான். ஆற்றடியில் பாறைகள் உருண்டு மோதும் கனத்த ஓசை கேட்டால் வெள்ளம் வலுத்துவிட்டது. மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஆறு திடீரென்று அடங்கி நீர் வற்றினால், மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கக்கூடும். அந்த அடைப்பு உடைவதற்குள், எதையும் எடுக்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள்.