பழைய துணி வேண்டாம், தம்பி

(தங்கச்சிமடம் பகுதியில், ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையின் கிளையில் பணியாற்றும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்காக எங்கள் தெருவில் இரண்டு மூட்டை பழைய துணி சேர்த்திருக்கிறோம். யாரிடம் ஒப்படைப்பது?
- வாசகர், பரமக்குடி

மனம் பெரிது தம்பி, ஆனால் மூட்டை வேண்டாம். கிழிந்த ஜாக்கெட்டையும் ஜிப் போன கால்சட்டையையும் பொறுக்கி ஒதுக்குவதிலேயே எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். தனக்கு ஆகாதது அகதிக்கு ஆகும் என்ற நினைப்பு நம்மை விட்டு இன்னும் போகவில்லை.

2022 மார்ச்சில், இலங்கையில் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்கு ஏறியபோது, முதல் நாள் 16 பேர் வந்து சேர்ந்தார்கள். அதன்பின் வந்துகொண்டே இருந்தார்கள். படகுக்காரர்கள் பலரும் கரை வரை கொண்டுவருவதில்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் ஏதாவதொரு மணல் திட்டில் இருட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கடலோரக் காவல் படையோ மரைன் போலீசோ மீட்டு, விசாரணை முடித்து, பிறகுதான் மண்டபம் முகாம்.

அப்படி வந்த ஒரு பெரியவரிடம், “என்ன வேண்டும் ஐயா?” என்று கேட்டேன். வேட்டி, பாய், பாத்திரம் எல்லாம் யார் யாரோ கொடுத்திருந்தார்கள். “கண்ணாடி” என்றார். படகிலிருந்து இறங்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். பேத்தியின் மருந்துச் சீட்டை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அனுமதி பெற்று ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போய்க் கண் பரிசோதித்தோம். கடையில் நான் எடுத்துக் காட்டிய மலிவான பிரேமை, பிடிக்கவில்லை என்று நகர்த்தி வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பெண்கள் விஷயம் வேறு. உள்ளாடையும் நாப்கினும் வேண்டுமென்று ஆண்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் சபையில் எப்போதும் இருவராகத்தான் குடும்பங்களைச் சந்திக்கப் போவோம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, முகாமுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. தனித்துணை ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டும். மூட்டையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுங்கள். கேட்டு, புதிதாக வாங்கிக் கொடுப்போம்.

நாங்கள் அகதிகள் இல்லை, பாம்பன்காரர்கள்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. சபையில் கேட்கலாமா? ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயக்கம்.
- வாசகி, பாம்பன்

தாராளமாகக் கேட்கலாம், தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கிறது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தை, கைக்கு வரும் முன்பே மளிகைக் கடைப் பாக்கி விழுங்கிவிடுகிறது. வலை தைப்பவர், ஐஸ் உடைப்பவர், கருவாடு காயவைக்கும் பெண்கள் ஆகியோரின் பிழைப்பும் படகோடுதான் படுத்துக்கொள்கிறது. நிவாரணப் பட்டியலில் பெயரே ஏறாதவர்களும் அவர்களில் உண்டு. புருஷன் இலங்கைச் சிறையில் இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பங்குத்தந்தையிடமோ சபை உறுப்பினர் யாரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருவர் வருவோம், உட்கார்ந்து பேசுவோம். பேனரும் போட்டோவும் கிடையாது. (அரிசிப் பையை நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.) அடகுச் சீட்டை எடுத்து வையுங்கள். எது முதலில் ஏலத்துக்குப் போகும் என்று பார்ப்போம். சீருடை, நோட்டுப் புத்தகச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டால் வட்டியை உங்களால் கட்டமுடியுமா என்று கணக்குப் போடுவோம்.

பணத்தைக் கையில் தராதே, பொருளாகக் கொடு என்று எங்கள் கிளையிலேயே சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மீன் படாத நாளிலும் அடுப்பு அணையாமல் வீட்டை நடத்துகிறவளுக்கு, ஆயிரம் ரூபாயை எப்படிச் செலவழிப்பது என்று நான் பாடம் நடத்தவா?

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நீங்கள் கட்டும் 1,500 ரூபாயுடன் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன்வரத்து குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தருகின்றன. சேரவில்லையென்றால் படிவத்தை எடுத்து வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

அரிசி கொடுத்து மதத்துக்கு ஆள் சேர்க்கிறீர்கள் என்கிறார்களே?
- வாசகர், ராமநாதபுரம்

நேரடியாகக் கேட்டீர்கள், நன்றி. 1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது இந்தச் சபை. ‘உங்கள் திருச்சபை இன்றைக்கு என்ன செய்கிறது?’ என்று எதிராளிகள் குத்திக்காட்டியதற்கு அவர் தந்த பதில், விறகை எடுத்துக்கொண்டு ஏழை வீட்டுக்கு நடந்தது. இந்தியாவுக்கு 1863-இல் வந்துவிட்டது. மதம் பார்க்காமல் உதவவேண்டும் என்பது சபையின் விதி. நாங்கள் போகும் வீடுகளில் முருகன் படமும் இருக்கிறது, மெக்கா படமும் இருக்கிறது. காப்பி கொடுத்தால் குடிப்போம். செபம் சொல்லச் சொல்லி அவர்களே கேட்டால் சொல்வோம். பணம் எங்கிருந்து என்ற சந்தேகமும் இருக்கலாம்: வாரக் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், மூடிய கையை உள்ளே விட்டு எடுப்போம். யார் எவ்வளவு போட்டார், யார் போடவில்லை என்பது எவருக்கும் தெரியாது.

கல்லூரி முடித்திருக்கிறேன். முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசை. தட்டச்சும் தெரியும்.
- வாசகர், உச்சிப்புளி

பாடம் சொல்லித்தர என்றால், இயேசு சபை அகதிகள் பணியினரைக் கேளுங்கள். 1980-இல் இயேசு சபையின் அப்போதைய தலைவர் அருப்பே அடிகளார் தொடங்கிய அமைப்பு; 1990 முதல் தமிழக முகாம்களில் மாலை வகுப்பு நடத்திவருகிறது. ஆனால் தட்டச்சு தெரியும் என்றீர்களே, அதை விடமாட்டேன். முதியோர் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுத எங்களிடம் ஆளே இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் எங்கள் மேசை இருக்கும். வாருங்கள்.