காகிதப் பொட்டு விளையாட்டு: மூன்று தலைமுறை கழிந்தும் நிற விகிதம் மாறவில்லையா?

இயற்கைத் தேர்வை (சூழலில் தப்பிப்பவை பெருகுவதை) வகுப்பில் காட்டும் விளையாட்டு இது: செய்தித்தாள் விரிப்பில் தூவிய பொட்டுகளை மாணவர்கள் வேட்டையாடும் விலங்குகள் போல எடுப்பார்கள், மிஞ்சியவை பெருகி அடுத்த தலைமுறை ஆகும். 100 பொட்டில் (50 சிவப்புக் காகிதம், 50 செய்தித்தாளில் வெட்டியவை) 20ஐ மட்டும் எடுக்கச் சொல்வதுதான் சிக்கல். 75ஐ எடுக்க வையுங்கள். மிஞ்சும் 25இல் ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் 3 சேர்த்தால் மறுபடி 100. செய்தித்தாள் விரிப்பின் மேல் சிவப்பு சீக்கிரமே அருகத் தொடங்கிவிடும்.

அப்படியும் நகராவிட்டால், மாணவர்கள் கையால் துழாவி அள்ளுகிறார்களா என்று பாருங்கள். கண்ணில் படாததும் சேர்ந்து வந்தால் அங்கே இயற்கைத் தேர்வே நடக்கவில்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பிப் பார்த்ததும் முதலில் தெரிவதை எடுக்கட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குழுவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும். 15க்கு 10 என்பதுகூடத் தற்செயலாக வரும். எனவே ஒரே குழுவின் எண்ணை நம்பாமல் எல்லாக் குழுக்களையும் கூட்டிப் பாருங்கள்.

"தப்பிப்பதற்காகப் பொட்டுகள் நிறம் மாறின" என்று யாராவது எழுதுவார்கள், எழுதாமல் இருக்க மாட்டார்கள். எந்தப் பொட்டும் மாறவில்லை, கூட்டத்தின் விகிதம்தான் மாறியது. இன்னொன்று: இதில் சடுதிமாற்றம் (மரபணுவில் நேரும் மாற்றம்) கிடையாது. புதிய நிறம் எப்படித் தோன்றுகிறது என்பதை இதை வைத்து விளக்க முயல வேண்டாம்.