1 பெரிதா, 4 பெரிதா? ரசாயன லேபிள் சந்தேகங்கள்

ரசாயன லேபிள்களையும் பாதுகாப்புத் தரவுத் தாள்களையும், அதாவது எஸ்.டி.எஸ்.ஸையும், ஜி.எச்.எஸ்.ஸின் (ரசாயன ஆபத்துகளை உலகெங்கும் ஒரே மாதிரி வகைப்படுத்தி லேபிளிடும் ஐ.நா. முறை) புது விதிக்கு மாற்றிக்கொண்டிருப்பவர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: ஜி.எச்.எஸ். வந்து இத்தனை வருஷம் ஆகியும் ஏன் இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

பதில்: ஐ.நா. அதை முதலில் வெளியிட்டது 2003இல். 2 வருஷத்துக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். ஆனால் அங்கே திருத்தியதும் உங்கள் ஆலையில் எதுவும் மாறிவிடாது. உங்கள் நாட்டுச் சட்டம் எந்தப் பதிப்பை எடுத்துக்கொண்டிருக்கிறது, கெடு எப்போது என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆட்களுக்கு, ஆபத்தின் அளவை எண்ணால் காட்டும் நான்கு நிற டைமண்ட் படம்தான் (என்.எஃப்.பி.ஏ.) பழக்கம். எஸ்.டி.எஸ்.ஸில் 'வகை 1' என்றிருந்ததை 'லேசானதுதான்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதில்: எனக்கு இருக்கிற பெரிய பயமே இதுதான். அந்த டைமண்டில் எண் 0 முதல் 4 வரை, 4தான் மோசம். ஜி.எச்.எஸ்.ஸில் அப்படியே தலைகீழ்: 1தான் மிக மோசம். ஜி.எச்.எஸ். லேபிளில் இந்த எண் வராது, தாளின் 2ஆம் பகுதியில்தான் இருக்கும். அதனால் லேபிளில் முதலில் 'அபாயம்', 'எச்சரிக்கை' என்ற சொல்லைப் பார்க்கப் பழக்குங்கள், 'அபாயம்'தான் கடுமையானது. பயிற்சியில் டைமண்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது மோசம்?" என்று கேளுங்கள். தப்பாகச் சொல்பவர் ஒருவராவது இருப்பார்.

கேள்வி: லேபிளில் வரும் ஆச்சரியக்குறியும், மார்பில் நட்சத்திரம் வெடித்த மாதிரி இருக்கும் ஆள் படமும் எதற்கு?

பதில்: முதலாவது எரிச்சல், தோல் ஒவ்வாமை போன்றவற்றுக்கு. இரண்டாவது புற்றுநோய், உறுப்புச் சேதம், மூச்சு ஒவ்வாமை போன்றவற்றுக்கு.

கேள்வி: பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றினாலும் லேபிள் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஊற்றியவரே அதே ஷிப்டில் தீர்த்துவிட்டால் சில விதிகள் விலக்கு தருகின்றன. நான் அதை நம்பமாட்டேன். ஷிப்ட் முடியும்போது அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஒரு பட்டறையில் பாட்டில்மேல் மார்க்கரில் 'தின்னர்' என்று எழுதியிருந்தார்கள். வழிந்த தின்னரே எழுத்தைக் கரைத்து, 'தி' மட்டும் மிஞ்சியிருந்தது. கரைப்பானைத் தாங்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அப்புறம், குடிநீர் பாட்டிலில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: எஸ்.டி.எஸ்.ஸின் 16 பகுதிகளையும் தொழிலாளி படிக்க வேண்டுமா?

பதில்: 2, 4, 7, 8 போதும்: ஆபத்து, முதலுதவி, கையாளுதல், பாதுகாப்புக் கருவி. 8இல் வெறுமனே 'தகுந்த கையுறை அணியவும்' என்றிருந்தால் சப்ளையரிடம் திருப்பிக் கேளுங்கள். அசிட்டோனுக்கு மெல்லிய நைட்ரைல் கையுறை தாங்காது, ப்யூட்டைல் ரப்பர் வேண்டும். இதைச் சொல்லாத தாள் எதற்கு?

கேள்வி: புதுத் தாள் வந்ததும் பழையதைக் கிழித்துப் போடலாமா?

பதில்: வேலை இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் தேதி போட்டு அலமாரியில் வையுங்கள். சில நோய்கள் பல வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். அன்றைக்கு அந்தத் தொழிலாளி எதைக் கையாண்டார் என்று டாக்டர் கேட்டால் காட்ட அந்தத் தாள் வேண்டும்.